வயிற்றுத் தோலுக்குள் ஒரு மாதம்

மொழிபெயர்க்கப் போகிறவன் தன் கோபத்தைக் கோட்டோடு சேர்த்துக் கழற்றி வெளியே மாட்டிவிட்டுப் போகவேண்டும். இந்த வேலை பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சுவிஸில், பீல் நகரத்தில் எனக்கு மரக்கறிக் கடை. போதையிலிருந்து விடுபட வருகிறவர்களின் கிளினிக் கூப்பிட்டால் தமிழுக்கு மொழிபெயர்க்கப் போவேன்.

பேரம்

சுதன் என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்வோம். ஹோட்டல் குசினியில் வேலை. ஹெரோயினை விட்டு, தினமும் காலமை மருந்துக்கடையில் நாக்குக்குக் கீழே குளிசை வைக்கிறவன். அது கரையுமட்டும் அங்கேயே நிற்க வேண்டும். இன்னொரு தரம் பிந்தினால் வேலை இல்லை என்று செஃப் சொல்லிவிட்டார்.

டொக்டர் ஓர் ஊசியைப் பற்றிச் சொன்னார். வயிற்றுத் தோலுக்குக் கீழே போட்டால் மருந்து அங்கிருந்து மெல்ல மெல்லக் கசியுமாம். முதலில் வாரத்துக்கொன்று, பிறகு மாதத்துக்கொன்று. எனக்குப் பொறுக்கவில்லை. “வாரக் கதை வேண்டாம், நேரே மாதத்துக்குப் போடுங்கள்” என்று ஜெர்மனில் நானே தொடங்கிவிட்டேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். சுதன் மெதுவாகக் கேட்டான்: “அண்ணை, எனக்கோ பேரம் பேசுறியள், தக்காளிக்கோ?”

ஒத்தடம்

வார ஊசிகள் முடிந்து, முதல் மாத ஊசி போட்ட மறுநாள் அவன் மனைவி வதனி கடைக்கு ஃபோன் எடுத்தாள். வயிற்றில் கட்டியாம், உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்துவிட்டாளாம். அந்தக் கட்டிதான் மருந்து; சூடு பட்டு ஒரு மாதத்து மருந்தும் ஒரேயடியாகக் கசிந்து அவனை மயக்கிவிடுமோ என்று பயந்தேன். தேய்க்கவோ சூடு காட்டவோ கூடாது என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். அவளுக்கு யார் சொன்னது?

மற்ற ஃபோனில் கிளினிக்கைப் பிடித்தேன். எழுப்பினால் எழும்புகிறாரா, மூச்சு எப்படி என்று நேர்ஸ் கேட்டார். “எழுப்பு பிள்ளை, எழுப்பு” என்று கத்தினேன். அவள் அவனை உலுக்கிக் கூப்பிடுவது ஃபோனில் கேட்டது. பிறகு அவன் குரல்: “லீவு நாளிலையும் நித்திரை கொள்ள விடமாட்டியளோ, அண்ணை?”

வெறுங்கதிரை

அன்றைக்கே கிளினிக்கில் பார்த்து, பயமில்லை என்றார்கள். எனக்குத்தான் பயம் போகவில்லை. அடுத்த ஊசி நாளில் அவன் கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஃபோனும் எடுக்கவில்லை. அவனுடைய பழைய கூட்டம் ஸ்டேஷன் பக்கம் நிற்பது எனக்குத் தெரியும். முக்கால் மணித்தியாலம் டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார், நான் கதவைப் பார்த்தேன்.

ஏப்ரனோடு, சைக்கிள் ஓடி மூச்சு வாங்க வந்தான். டொக்டர் வாய் திறக்க முதல் நான் ஏசித் தீர்த்தேன். என்ன சொன்னீர்கள் என்று டொக்டர் கேட்டார். அதையெல்லாம் ஜெர்மனில் சொல்ல முடியாது. அவன் சொன்னதை மட்டும் சொன்னேன்: “ஊசி நாளெண்டதை மறந்துபோனன், உங்கடை கோலைப் பாத்துத்தான் ஓடி வந்தன். முந்தி ஒரு காலமையும் மருந்தை நினையாமல் எழும்பினதில்லை.”

ஒருவன் தவணையை மறந்ததற்குச் சந்தோசப்பட வைக்கிற வேலை இது ஒன்றுதான், ஆனாலும் அடுத்த திகதியை வதனிக்கு எழுதிக் கொடுத்து, கடைக் கலண்டரிலும் பெரிதாகக் குறித்து வைத்திருக்கிறேன்.