கண்ணுக்குத் தெரியாத மூன்று பேர்

பவித்ரா வீட்டு வாசலில் இருந்த பெயர்ப் பலகையில் பவித்ராவின் அப்பா பெயர் இல்லை. வேறு யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. நெய்வேலிக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸ் கிடைப்பது பர்மனென்ட் ஆட்களுக்குத்தான். அவர்களில் ஒருசிலர் வெளியே சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்காமல், தெரிந்தவர் எவரையாவது சத்தமில்லாமல் அதில் குடிவைத்துவிடுவார்கள். பவித்ராவின் அப்பாவுக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஜீப்பில் சோதனைக்கு வரும் கம்பெனி ஆட்களுக்கு விஷயம் தெரிந்தால் அவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. மூன்றாம் வகுப்பில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த வீடு ஒரு ராஜ்யம்.

ராஜ்யம் எங்கள் வீட்டு டிவியிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பிங் படம் போடுவான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் சுத்தமான மதுரைத் தமிழில் அம்மாவிடம் கோபித்துக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே ஒரு வாசலைக் கண்டுபிடிப்பார்கள். உள்ளே நுழைந்தால் பேசும் மரங்கள், பறக்கும் ஆமை, பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஓர் உலகம். நானும் பவித்ராவும் ஒரு கிண்ணம் பொரியை நடுவில் வைத்துக்கொண்டு கண்கொட்டாமல் பார்ப்போம். அந்தப் படங்களில் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் வீட்டில் ஏதாவது ஒரு கஷ்டம் இருக்கும். அப்பாவுக்கு வேலை போயிருக்கும், இல்லையென்றால் வீடு மாறப்போகிறார்கள். அந்த இடங்கள் வந்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். பவித்ரா எழுந்ததே இல்லை. அவள் உன்னிப்பாகப் பார்த்தது அதைத்தான்.

விளையாட்டில் அவள்தான் ராணி. கதையும் சட்டமும் அவளுடையவை. சண்டையும் வசனமும் என்னுடையவை. எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம்.

அவளுடைய கதை இது. பலகையில் பெயர் போட்டிருக்கும் ஆள் ஒரு காணாத ராஜா. மாதத்துக்கு ஒருமுறை பைக்கில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு டீ குடிப்பார், போய்விடுவார். அவர் இல்லாத நாட்களில் அரண்மனையைக் காப்பவர்கள் மூன்று பேர். அவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள். வாசலில் துணி காயப்போடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் வீட்டு முகவரி கேட்டால் ஊர் முகவரிதான் சொல்ல வேண்டும். ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும். இத்தனை சட்டத்தையும் அவள் எங்கிருந்து யோசித்தாள் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

ஒரே ஒரு இடம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எதிரி நாட்டுக் காவலர்கள் வந்து “இது யாரு வீடு?” என்று கேட்டால் சொல்ல வேண்டிய மந்திர வாக்கியம்.

“எங்க பெரியப்பா வீடுங்க. செகண்ட் ஷிஃப்ட் போயிருக்காங்க.”

“இதுல என்னாடி மந்திரம் இருக்கு? எங்கப்பாகூடத்தான் செகண்ட் ஷிஃப்ட் போறாரு” என்றேன்.

“இப்டித்தான் சொல்லணும். மாத்தக் கூடாது.”

“படத்துல யாராவது ஷிஃப்ட்டப் பத்திப் பேசுறாங்களா?”

“நீ இதச் சொன்னாத்தான் வெளையாட்டுக்கு வரலாம். இல்லன்னா வூட்டுக்குப் போ.”

அவள் குரல் நடுங்கியதை நான் ராணியின் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். தலையை ஆட்டினேன். ஆனால் மனசுக்குள் வேறு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவள் அப்பா டூட்டியில், அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் துடைப்பக்கட்டையை ஈட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டருகே பலாமரத்தடியில் காவல் நின்றேன். பவித்ரா திண்பண்டம் எடுக்க உள்ளே போயிருந்தாள். ஜீப் ஒன்று நின்றது. ஃபைலோடு இரண்டு பேர் இறங்கினார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமான எதிரி நாட்டுக் காவலர்கள்! உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“பாப்பா, வூட்ல யாரு இருக்காங்க?”

“இங்க யாரும் இல்லைங்க.”

“யாரும் இல்லன்னா உள்ள ஃபேன் ஏன் ஓடுது?”

“கண்ணுக்குத் தெரியாதவங்களுக்கும் வேர்க்கும்ல?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கைதட்டல் கிடைத்த நடிகைக்கு மேடையை விட்டு இறங்க மனம் வருமா?

“சரி, போர்டுல பேரு போட்டிருக்கே, அவரு எங்க?”

“அவரு காணாத ராஜா. இங்க இருக்க மாட்டாரு. மாசத்துக்கு ஒருவாட்டி பைக்ல வந்து டீ குடிச்சிட்டுப் போயிடுவாரு.”

சிரிப்பு நின்றது. ஒருவர் மற்றவரைப் பார்த்தார். பெரியவராக இருந்தவர் என் உயரத்துக்குக் குனிந்தார்.

“கண்ணுக்குத் தெரியாதவங்க எத்தன பேருடா கண்ணு?”

“மூணு பேரு. ஆனா யாருன்னு சொல்ல மாட்டேன். சட்டம்.”

“ரொம்பச் சமத்து” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டார். கதவைத் தட்டக்கூட இல்லை. ஜீப் போய்விட்டது. ஒரு பெயரைக்கூடச் சொல்லாமல் எதிரிப் படையைத் திருப்பி அனுப்பிய பெருமையில் உள்ளே ஓடினேன்.

பவித்ரா கட்டிலுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையில் பிடித்திருந்த முறுக்கு பொடிப்பொடியாகக் கிடந்தது.

“ஏன்டி ஷிஃப்ட்டுன்னு சொல்லல?”

“இதுதான் சூப்பரா இருந்துச்சு. சிரிச்சாங்க தெரியுமா?”

அவள் அழுதாள். சத்தம் வராமல், வாயைப் பாவாடையால் பொத்திக்கொண்டு. சிறைப்பட்ட ராணி அப்படித்தான் அழ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நன்றாக நடிக்கிறாய் என்று சொல்லிக் கைதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு இந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரிவதில்லை.

அடுத்த வாரமே காணாத ராஜா வந்துவிட்டார். மாதம் முடியவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை, டீயும் குடிக்கவில்லை. “என் வேலைக்கே வேட்டு வச்சுடுவீங்க போலருக்கே” என்று அவர் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது. அன்று இரவு சாப்பிடும்போது அப்பா, “யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க” என்றார். “எந்தப் பாவி செஞ்சானோ, அந்தப் புள்ள எப்பவும் நம்ம வூட்லயே கெடக்குமே” என்றாள் அம்மா. நானும் அந்தப் பாவியை மனதார வெறுத்துக்கொண்டு சாதத்தைப் பிசைந்தேன்.

அவர்கள் கிளம்பிய காலையில் மினிலாரியில் கட்டிலும் பீரோவும் ஏறிவிட்டன. பவித்ராவின் அப்பா பக்கத்து வீட்டு மாமாவைப் பார்த்து நின்றார். இந்த வீட்டுப் பலாப்பழம் விழுந்து அவர் வேலி சாய்ந்ததில் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பேச்சு நின்றிருந்தது.

“நல்லா இருங்க சார். ஒரு பலாப்பழத்துக்குப் போயி எங்க குடும்பத்தையே தெருவுல வச்சிட்டீங்களே. சின்னப் பொட்டப்புள்ளய வச்சுகினு நான் எங்க போவேன்?”

“சாமி சத்தியமா நான் இல்லப்பா. என் பேரப் புள்ளைங்க மேல ஆணையா நான் மொட்டக் கடுதாசி எழுதிப் போடல.”

“உங்களத் தவிர வேற யாருங்க எங்களப் பாத்துகினு இருந்தது?”

தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜீப் வந்தது, இரண்டு பேர் கேட்டது, நான் அவர்களை எப்படி ஏமாற்றி அனுப்பினேன் என்பது, எல்லாம் எனக்குத்தானே தெரியும்? சொன்னால் சண்டை நின்றுவிடும் என்று நினைத்தேன். ஓர் அடி முன்னால் வைத்து, “மாமா, அன்னிக்கி நான்தான்…” என்று ஆரம்பித்தேன்.

பவித்ரா என் கையைப் பிடித்தாள். விரல்கள் நொறுங்கிவிடும் போல அழுத்திப் பிடித்தாள்.

“அப்பா, விடுப்பா. வண்டிக்காரரு கூப்புடுறாரு” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வலித்தது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். விளையாட்டு இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்து, நானும் அவள் கையைப் பதிலுக்கு அழுத்தினேன்.