சீனிப் போர்வை

“...ஒட்டினா ஒட்டட்டும், இந்த வயசிலை என்ரை காலை ஆர் பாக்கப் போகினம்?” என்று சொல்லிக்கொண்டே, கருவாடு விற்று முடிந்த கடகப் பெட்டியைக் கீழே வைத்தா ஒரு அக்கா. போன சோளகக் காற்றுக் காலம், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிற படகில் நடந்தது இது. உள்ளே சனம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் மட்டும் பலகை வெறுமையாகக் கிடந்தது.

அந்த வெறுமைக்கு ஒரு கதை இருக்கிறது. வேலி அடைக்கும்போது பனைமட்டைக் கருக்கு என் காலைக் கீறிவிட்டது. காயம் ஆறின மாதிரி ஆறி, பிறகு பாலுண்ணி போலக் கிளம்பி, பூக்கோவா மாதிரிக் கொத்துக் கொத்தாய்ப் படர்ந்துவிட்டது. ஊரில் ஒருத்தரும் ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேணும். பொதுக்கிணற்றடிக்குப் போனால், “நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள், விடுங்கோ, நான் அள்ளித் தாறன்” என்பார்கள். எவ்வளவு நல்ல சனம் என்று நினைத்தேன். என் வாளி கிணற்றுக்குள் இறங்கக்கூடாது என்பதற்குத்தான் அந்த அன்பு என்று விளங்கக் கனகாலம் எடுத்தது. அதற்குப் பிறகு சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, ஆளில்லாத மத்தியான வெயிலில்தான் தண்ணிக்குப் போனேன். கனடாவிலிருந்து பிள்ளைகள் “சுகமோ அம்மா” என்று கேட்டால், “ஓம்.” அவ்வளவுதான்.

படகேறின அன்று காலை யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில், தசைத் துண்டு எடுத்துப் பார்த்த முடிவை, என் மகள் வயசிருக்கிற டொக்டர் பிள்ளை சொன்னா. “இது பங்கசு அம்மா, பூஞ்சணம். மண்ணிலை, முள்ளிலை இருக்கிறது. ஆளுக்காள் தொத்தாது. மருந்து கனமாதம் எடுக்கவேணும்.”

இவ்வளவு நாளும் உடம்பு ஏன் இதை விரட்டவில்லை என்று கேட்டேன். பங்கசின் மேலே சீனி வகைகள் இருக்குமாம். உடம்பின் காவல்காரர் அதைத் தடவிப் பார்த்துத்தான் கள்ளனைப் பிடிப்பார்களாம். சில பங்கசுகள், தங்களைக் காட்டிக்கொடுக்கிற சீனியை உள்ளே ஒளித்துவிட்டு, வேறு சீனியைப் போர்த்துக்கொண்டு இருந்துவிடுமாம்.

“தேத்தண்ணிக்குப் போடுற சீனியோ பிள்ளை?”

“அதின்ரை சொந்தக்காரர்தான். ஆனா இனிக்காது” என்று சிரித்தா.

இனிப்பான போர்வையை நான் கிணற்றடியிலேயே பார்த்துவிட்டேன் என்று அவவுக்குச் சொல்லவில்லை.

தொத்தாது என்ற சொல்லை மடியில் கட்டிக்கொண்டு படகேறினேன். அதைச் சொல்லத்தான் ஆளில்லை. அந்த அக்கா பக்கத்தில் இருக்க வந்தபோது என் வாயில் வந்தது என்ன தெரியுமோ? “அக்கா, எனக்குக் காலிலை வருத்தம், தள்ளி இருங்கோ.” அதற்குத்தான் அவ ‘ஒட்டினா ஒட்டட்டும்’ என்றது.

“தொத்தாதாம் அக்கா” என்றேன் பிறகு, மெதுவாக.

“அப்ப என்னத்துக்கு என்னைக் கலைக்கிறீர்?”

மருந்து இன்னும் எடுக்கிறேன், காலில் படர்ந்தது வற்றி வருகிறது. ஆனால் எனக்குச் சுகமாகத் தொடங்கினது அந்தப் பலகையில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். படகு துறையை விட்டதும் கடல் எறிந்து படகை ஆட்டத் தொடங்கியது. அவ சேலைத் தலைப்பால் முகத்தை மூடி, என் தோளில் தலையைச் சாய்த்து, நெடுந்தீவு வரும்வரை குறட்டை விட்டு நித்திரை கொண்டா.