தவமலர் கண்டுபிடித்த பிரியாணிக்கடை

தவமலரின் வேலை ஆட்களின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பது. கிழக்கு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், நீலத் திரைச்சீலைக்குப் பின்னால் அவளுடைய கதிரை. வருகிறவர்களில் பாதிப்பேர் ஊசியைக் கண்டதும் வெளிறிப் போவார்கள். பேச்சுக் கொடுத்தால் குத்துவது தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் என்னத்தைப் பேசுவது? காலநிலையைக் கேட்டுப் பார்த்தாள், எடுபடவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது ஒருவர் அழுதே விட்டார்.

ஒருநாள் கைநடுங்க வந்திருந்த ஒரு பாகிஸ்தான் டாக்சிக்காரரிடம், "லண்டனில நல்ல பிரியாணி எங்க சாப்பிடலாம்?" என்று வாயில் வந்ததைக் கேட்டு வைத்தாள். மனுசன் நடுக்கத்தை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையைப் புகழ்ந்து, டூட்டிங்கில் இன்னொன்றைத் திட்டித் தீர்ப்பதற்குள் குழாய்கள் நிறைந்துவிட்டன.

அதற்குப் பிறகு எல்லோரிடமும் அதே கேள்விதான். வங்காளிகள் வைட்சப்பலைச் சொன்னார்கள். ஹைதராபாத்திலிருந்து படிக்க வந்த பெடியன் ஒருவன், ஈஸ்ட் ஹாமை விட்டால் வேறெங்கும் போகக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. கேட்டுக் கேட்டுத் தவமலருக்கு நாக்கில் ஆசை ஏறிவிட்டது.

செவன் கிங்ஸில் இருந்த தவமலரின் வீட்டில் வெளிச்சாப்பாடு என்றால் கலியாண வீடு, பிறந்தநாள் விழா. அவ்வளவுதான். கணவர் குகதாசன் ஒரு சின்னப் பலசரக்குக்கடை நடத்துகிறார். சனிக்கிழமை அவருக்கு ஓயாத வியாபாரம், அவளுக்கோ லீவு. ஒரு சனிக்கிழமை அவள் ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி ஈஸ்ட் ஹாம் கடைக்குப் போனாள். வாசலில் நின்ற கடைப் பெடியன் எத்தனை பேர் என்று கேட்டான். "ஒராள்" என்று சொல்லும்போது காது சுட்டது. முதல் வாய் உள்ளே போனதும் அந்தச் சூடு ஆறிவிட்டது.

விசயம் வீட்டுக்கு வர நாள் எடுக்கவில்லை.

"நீர் தனியப் போய்க் கடையில இருந்து சாப்பிட்டதைச் சனம் கண்டால் என்ன நினைக்கும்?" என்றார் குகதாசன். "வீட்டில சமையல் இல்லையோ எண்டு என்னைக் கேக்கப் போகுது."

"கேட்டால், பசிச்சுதாம், சாப்பிட்டாவாம் எண்டு சொல்லுங்கோ."

அவள் அடுத்த சனிக்கிழமையும் போனாள்.

எல்லாமே நல்லதாக இருக்கவில்லை. ஓரிடத்தில் சோற்றுக்கு நிறம் மட்டும்தான் இருந்தது. இன்னோரிடத்தில் இறைச்சியை மென்று மென்று தாடை நொந்தது. அப்படித் திரிந்த காலத்தில்தான், திண்டுக்கல்லில் பிறந்த ஒரு எலெக்ட்ரீசியன் பஞ்சை அமத்திப் பிடித்தபடி வால்தம்ஸ்டோவில் ஒரு கடையைச் சொன்னார். சந்தைத் தெருவுக்குப் பின்னால் நாலைந்து மேசையோடு ஒரு கடை. சமைப்பது கலாவதி என்ற பெண். கீரிச்சம்பா மாதிரிக் குட்டி அரிசி, பல் வைக்க முதலே எலும்பை விட்டு வருகிற ஆட்டிறைச்சி, பக்கத்தில் புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய். தவமலர் சாப்பாட்டுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கலாவதி சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் போய் நின்றாள்.

"தங்கச்சி, லண்டன் முழுக்கச் சுத்திப்போட்டு வாறன். இதுதான்."

கலாவதி கரண்டியோடு சிரித்தாள். "நிஜமாவாக்கா?"

அடுத்த வருசம் மகள் கஜந்தினிக்குக் கலியாணம் பொருந்தியது. கோயிலில் தாலிகட்டு, மறுநாள் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. வரவேற்புச் சாப்பாட்டைத் தன் சிநேகிதர் ரதீசனிடம் கொடுப்பதாகக் குகதாசன் முடிவே பண்ணிவிட்டார். லண்டன் தமிழரின் பாதிக் கொண்டாட்டத்துக்கு ரதீசன்தான் சமையல். அவருடைய பிரியாணியை எல்லோரும் சாப்பிடுவார்கள், ஒருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

"வரவேற்புக்குப் பிரியாணிதான், அது நான் சொல்லுற ஆளிட்டை," என்றாள் தவமலர். "கலியாணத்தில மிச்சம் எல்லாம் உங்கட விருப்பம்."

குகதாசன் குரலை உயர்த்திப் பார்த்தார். அவள் அசையவில்லை. மகள் தாயின் பக்கம் சாய்ந்ததும் அவர் விட்டுவிட்டார். ஆனால் கலாவதியே பின்வாங்கினாள்.

"அக்கா, முந்நூறு பேருக்கு நான் செஞ்சதே இல்லையே."

"ஏலாதெண்டு சொல்லுறீங்களோ, இன்னும் செய்து பாக்கேல்லை எண்டு சொல்லுறீங்களோ?"

கலாவதி கரண்டியைக் கீழே வைத்தாள். "செஞ்சு பாக்கலை."

"அப்ப செய்வம்."

இரவல் அண்டாக்கள் வந்தன. வரவேற்பன்று மாவு பூசி மூடியை அடைத்து, தம் போட்ட சூட்டோடு வான் வண்டியில் ஏற்றினார்கள். நோர்த் சேர்க்குலர் ரோட்டில் ஒரு விபத்து, வாகனங்கள் நெருங்கிப் பாதை இறுகிவிட்டது. மண்டபத்தில் பாட்டு முடிந்து, பேச்சு முடிந்து, கேக்கும் வெட்டியாயிற்று. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினார்கள். தவமலர் ஒரு ஓரமாகப் போய்க் கலாவதிக்குப் போன் எடுத்தாள்.

"மூடி திறக்கலைக்கா. சூடு ஆறாது. ஆனா ரொம்ப நேரமாச்சுன்னா சோறு குழைஞ்சிரும்," என்றாள் கலாவதி.

"வாங்கோ. நான் இஞ்ச பாக்கிறன்."

விருந்தாளியாக வந்திருந்த ரதீசன் கிட்ட வந்தார். "அக்கா, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, என்ர பெடியள் சாப்பாடு கொண்டருவாங்கள்." குகதாசன் பக்கத்தில் நின்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். தவமலர் ஊசி குத்தும்போது போலக் கையை ஆடாமல் வைத்துக்கொண்டாள்.

"நன்றி அண்ணை. என்ர ஆள் வருது."

வான் வந்தது. கலாவதி ஒருவரோடும் பேசாமல் முதல் அண்டாவின் மாவை உடைத்து மூடியைத் தூக்கினாள். ஆவி மேலே போக, மணம் குசினிக் கதவைத் தாண்டி மண்டபத்துக்குள் இறங்கியது. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். தவமலர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தாள். பருக்கை பருக்கையாக விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வெற்றி. முதலில் மண்டபம் அமைதியானது; கரண்டிச் சத்தம் மட்டும். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழும்பினார்கள், வீட்டுக்குப் போக அல்ல, இரண்டாம் தரம் எடுக்க. கஜந்தினி வரவேற்புக்கென்று உடுத்த பளபள உடுப்போடு வரிசையில் நின்றாள். ரதீசன் கோப்பையோடு குசினிக்குள் போய், "தங்கச்சி, இனி என்ர ஓடருக்கும் பிரியாணி நீங்கள்தான் செய்யவேணும்" என்றார். கலாவதி தவமலரைக் கட்டிப்பிடித்து அழுதாள். தவமலர் அழவில்லை. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கன்னம் நொந்தது.

குகதாசன் மூன்றாம் தரமும் போட்டுக்கொண்டு வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாற சனி எங்க போறீர்?"

"சவுத்ஹோல்."

"கடையைப் பெடியனிட்டை விட்டிட்டு நானும் வரட்டோ?"

"வாங்கோ. ஆனா ஓடர் நான்தான் குடுப்பன்."

அந்தச் சனி இருவரும் போனார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள். வழி முழுக்க அவர் பஸ் பிந்துவதைப் பற்றியே கதைத்தார். அதற்கடுத்த சனி தவமலர் தனியாகத்தான் போனாள். அவருக்குப் பார்சல் வந்தது.