பால் டின்னை அடைத்த நாகமுத்து

மலாயாவில், சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மரம் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரன் நாகமுத்து. கை சும்மா இருக்காத ஆள். ஓட்டை வாளியோ விரிசல் விட்ட கோப்பையோ கண்ணில் பட்டால் போதும், மரத்து வெட்டில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்து, இழுத்து, உருட்டி, ஓட்டையில் வைத்து அழுத்திவிடுவான். அப்புறம் அதில் ஒரு சொட்டு கசியாது. அதற்காகவே கொஞ்சம் ஒட்டுப்பால் எப்போதும் அவன் இடுப்பு மடியில் இருக்கும்.

அந்தக் கைதான் அவனைக் கெடுத்தது. என்னத்தைச் சொல்ல!

ஐம்பத்திரண்டாம் வருஷம். அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று சர்க்கார் ஒரு பிடி அரிசியைக்கூட எண்ணிப் பார்த்தது. கடையில் கெட்டிப்பால் டின் வாங்கினால் கடைக்காரனே மூடியில் இரண்டு ஓட்டை குத்தித்தான் கொடுப்பான். ஓட்டை விழுந்த டின் நாலு நாள் தாங்காது, பதுக்கி வைக்க முடியாது என்பது கணக்கு. ஓட்டையில்லாத டின்னோடு பிடிபட்டால் ஜெயில். குடியுரிமைப் பத்திரம் இல்லாதவனென்றால் இந்தியாவுக்குக் கப்பல். நாகமுத்துவிடம் பத்திரம் இல்லை. இந்தியாவை அவன் பார்த்ததும் இல்லை, பிறந்ததே தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில்தான்.

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஞானசுந்தரி சிஸ்டர் ஆற்றுக்கு மேலே பூர்வகுடிக் கிராமங்களுக்கு வேதமும் மருந்தும் கொண்டு போகிறவர். அவன் மகளின் வலிப்புக் காய்ச்சலை ராத்திரி பகல் உட்கார்ந்து இறக்கியவர் அவர்தான். அதிலிருந்து சிஸ்டரின் மூட்டை தூக்க நாகமுத்து போய்விடுவான். வேதத்தில் சேரவில்லை. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் தோணியில் ஏறுவான். சிஸ்டரும் அதை அழிக்கச் சொன்னதில்லை.

அந்த முறை மேல்கிராமத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. முந்தின வாரமே மூன்று பிள்ளைகள் போய்விட்டதாகச் சேதி வந்திருந்தது. பெர்மிட் வாங்கி, மருந்துப் பெட்டியோடு இருபத்து நாலு டின் பாலும் எடுத்துக்கொண்டார் சிஸ்டர். தோணியில் இரண்டு நாள் பயணம். லாரியில் வரும்போதே பால் கசிந்து எறும்பு மொய்த்தது. பார்த்தான் நாகமுத்து. லாரியின் பின்னால் உட்கார்ந்தபடியே இருபத்து நாலு டின்னின் ஓட்டைகளையும் ஒட்டுப்பாலால் அடைத்து, எறும்பைத் தட்டிவிட்டு, பெட்டியை மூடினான். சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. பெட்டியைத் திறக்கும்போது அவரே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தான்.

திறந்தது சிஸ்டர் அல்ல. ஆற்றங்கரைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் முனுசாமி திறந்தான். மூடியில் விரலை ஓட்டிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது. வெள்ளைக்கார அதிகாரி எழுந்து வந்தார். ஒவ்வொரு டின்னாகக் கவிழ்த்தார். ஒன்றும் சொட்டவில்லை.

"பெர்மிட் யார் பேர்ல?" முனுசாமி கேட்டான்.

"என் பேர்லதான்," என்றார் சிஸ்டர். "ஆனா இது எப்படின்னு எனக்குத் தெரியலையே!"

நாகமுத்துவின் மனைவி கமலவேணிக்கு அப்போது ஏழு மாசம். அவனைக் கப்பலேற்றினால் அவளும் மகளும் தெருவில்தான் நிற்க வேண்டும். முனுசாமி நைசாக அவன் பக்கம் ஒதுங்கி வந்தான். "அண்ணே, ஒங்க பேரு ஒண்ணுலயும் இல்ல. வாய மூடிட்டு நில்லுங்க. மிஷன் அம்மா, அவங்கள பெரிய ஆளுங்க வந்து மீட்டுக்குவாங்க."

மீட்பார்கள்தான், பத்து நாளில். அதற்குள் மேல்கிராமத்தில் எத்தனை குழி வெட்டுவார்களோ! அதிகாரி சிஸ்டரை ஜீப்பில் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"தொரை," என்றான் நாகமுத்து. ஜீப்புக்கு முன்னால் போய் நின்று மறுபடி சொன்னான். "அடைச்சது நான். பால் சிந்துதேன்னு அடைச்சேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

முனுசாமி தலையில் அடித்துக்கொண்டு அதை மொழிபெயர்த்தான். அதிகாரி சிரித்தார்.

"தொரை நம்பலண்ணே. அம்மாவக் காப்பாத்த நீங்க பொய் சொல்றீங்கன்றாரு. போங்க, தள்ளி நில்லுங்க."

பாருங்கள், தெய்வமே இரண்டாம் தடவை வழி விட்டது. நகர்ந்திருந்தால் தப்பித்திருப்பான். நகரவில்லை. முனுசாமியின் கத்தியை வாங்கி, ஒரு டின்னின் அடைப்பைத் தோண்டி எடுத்தான். பால் வழிந்தது. மடியிலிருந்து ஒட்டுப்பாலை எடுத்தான். பழகின வேலை. இழுத்தான், உருட்டினான், அழுத்தினான். டின்னைத் தலைகீழாகப் பிடித்து அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினான். ஒரு சொட்டு விழவில்லை. அந்த நேரத்திலும் மனசுக்குள் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்ததே, பைத்தியக்காரன்!

அதிகாரி இப்போது சிரிக்கவில்லை. முனுசாமி விலங்கை எடுத்தான்.

எல்லா டின்னிலும் மறுபடி ஓட்டை குத்தினார்கள். சிஸ்டர் இங்கிலீஷில் கெஞ்சினார், அதட்டினார், அழுதார். அதிகாரி கடிகாரத்தைக் காட்டினார். இப்போதே தோணி ஏறினால் போகலாம், இல்லையென்றால் பெர்மிட் ரத்து.

"நீங்க போங்க சிஸ்டர்," என்றான் நாகமுத்து. "கமலவேணிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க. வேற யாரும் சொன்னா பயந்துருவா."

தோணி வளைவு திரும்பும்வரை நின்றிருந்தான். அதன் பிறகுதான் ஜீப்பில் ஏறினான்.

பதினோரு மாசம் முள்வேலி முகாமில் கிடந்தான். மிஷன்காரர்கள் எழுதி எழுதிக் கப்பலை மட்டும் தடுத்தார்கள். லயத்துக்குத் திரும்பிய அன்று, இடுப்பில் ஒன்பது மாசப் பையனோடு வாசலில் நின்றாள் கமலவேணி. அழவில்லை. அவளுக்கு அத்தனை கோபம்.

"ஏன்யா, அந்தப் போலீஸ்காரரு அத்தன தடவ சொன்னாராமே! பேசாம நின்னா என்ன?"

நாகமுத்து பையனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நின்னு பாத்தேன் புள்ள. முடியல."

அவள் பையனை அவன் கையில் கொடுத்துவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.