பிணை யோகராஜாவின் முதல் ஆள்

லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யோகராஜாவுக்குச் சனங்கள் வைத்த பெயர் பிணை யோகராஜா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டிருந்தாலும் மனுசன் கோபித்திருக்க மாட்டார், உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருப்பார். தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகு சில வருசங்களும், அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகி குடிவரவுக்காரர் பிடித்து அடைத்துவைத்த பெடியங்களுக்காக நீதிபதிக்கு முன்னால் எழுந்து நின்று, "இவர் ஓடமாட்டார், ஓடினால் காசை நான் கட்டுவன்" என்று சொன்னவர் அவர். மொத்தம் பதினொரு பேர். பதினொருவரும் ஓடவில்லை.

சொந்த வீடு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பொலிஸில் ஒரு கீறலும் இல்லாத பெயர். அந்தக் காலத்தில் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது அருமை. மூன்றுக்கும் உரிய பத்திரங்களை நீல நிற ஃபைல் ஒன்றில் வைத்திருந்தார். கோர்ட்டுக்கென்றே ஒரு சாம்பல் நிறக் கோட்டும் இருந்தது.

நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செய்த நல்ல காரியத்தைச் செய்த இடத்திலேயே விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது. கலியாண வீடோ சாமத்திய வீடோ, அந்தப் பதினொருவரில் ஒருவரைக் கண்டால் போதும், தோளில் கையைப் போட்டுப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர்களைக் கூப்பிட்டு, "இவரை ரெண்டாயிரத்தொண்டில வெளியில எடுத்தது ஆரெண்டு கேளுங்கோ" என்பார். அந்த ஆள் இப்போது மூன்று பெற்றோல் ஸ்ரேசனுக்கு முதலாளியாக இருப்பார். கையில் சாப்பாட்டுப் பிளேட்டோடு சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "அந்த மனுசனைச் சாப்பிட விடுங்கோவன்" என்று மனைவி கனகாம்பிகை இழுத்துப் பார்ப்பாள். அவர் அசையமாட்டார்.

அந்தப் பதினொருவரில் முதல் ஆள் அவருடைய சொந்தத் தம்பி துஷாந்தன். தொண்ணூற்றொன்பதில், இருபத்தொரு வயதில், விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தடுப்பு முகாமில் இரண்டு மாதம் கிடந்தவனை அவர்தான் எடுத்தார். இப்போது அவனுக்கு நாற்பத்தேழு வயது. பஸ் ஓட்டுகிறான். மனைவி பிரீத்தாவோடும் மகளோடும் ஸ்ட்ரெதமில் இருக்கிறான். குட்மேய்ஸிலிருந்து ஸ்ட்ரெதமுக்குப் போவதென்றால் லண்டனை முழுதாகக் கடக்க வேண்டும். இவ்வளவு தூரத்தில் வீடு வாங்கியது பிரீத்தாவின் வேலை என்று யோகராஜா வெகுகாலமாக நம்பிக்கொண்டிருந்தார்.

போன இலையுதிர் காலத்தில் அந்தத் துஷாந்தனைத்தான் பொலிஸ் பிடித்தது. பிறந்தநாள் விழா ஒன்றில் கார் நிறுத்துவதில் வாய்த்தர்க்கம் வந்து, அவன் ஒருவரைத் தள்ள, அந்த ஆள் படியில் விழுந்து மண்டை வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதுவே போதும். அதற்கு மேல், துஷாந்தன் மூன்று நாள் கழித்துக் கொழும்புக்குப் பறக்க ரிக்கெற் வைத்திருந்தான். ஏதோ சொந்தக்காரரின் கலியாணத்துக்கு எப்போதோ போட்ட ரிக்கெற். ஓடப் பார்க்கிறான் என்றார்கள் பொலிஸார். முதல் தடவை பிணை மறுத்து, மறியலுக்கென்று ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிரீத்தா அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

"அத்தான், நியூ ஜெர்சியில இருக்கிற என்ர மச்சாள் சொல்லுறா, லைசென்ஸ் உள்ள பெயில் ஏஜென்ட் ஒராளைப் பிடிக்கட்டாம். ஒரு வீதம் காசு குடுத்தால் அவையே எடுத்து விடுவினமாம். நான் விடியத்தொடக்கம் தேடுறன், லண்டனில ஒண்டும் வருகுதில்லை."

யோகராஜாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "பிள்ளை, அது அமெரிக்காவில. இஞ்ச அப்பிடிக் கடை ஒண்டும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு பிணை நிண்டால் நிண்டவனையும் சேர்த்து உள்ளுக்குப் போடுவாங்கள். இஞ்ச ஆள்தான் வேணும். நான் இருக்கிறன்தானே."

போனை வைத்ததும் கோட்டை எடுத்து ட்ரை கிளீனிங்குக்குக் கொடுத்தார். தம்பி மறியலில் இருக்கிறானே என்ற கவலை இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பதினைந்து வருசமாக யாரும் கேட்காத ஃபைலைத் தூசு தட்டும்போது அவர் வாயில் ஒரு பழைய பாட்டு வந்ததைக் கனகாம்பிகை கேட்டாள்.

வழக்கறிஞர் மேனுஷா இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஃபைலை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி, அவர் பக்கமே தள்ளிவைத்தாள்.

"அங்கிள், எல்லாம் பெர்ஃபெக்ட். ஆனா உங்கட தம்பி வேற ஆளின்ர பேர் தந்திட்டார். மிஸ்டர் கிறிஸ்துநாயகம்."

"ஆர்?"

"கூட வேலை செய்யிற ஃப்ரெண்டாம். ஜெயிலில இருந்து போன் எடுக்கிறதுக்கு நம்பர் குடுக்க வேணும். அவர் மூண்டு நம்பர்தான் குடுத்திருக்கிறார். பிரீத்தா அன்ரி, நான், மற்றது அந்த கிறிஸ்துநாயகம் அங்கிள்."

மூன்று நம்பரில் தன் நம்பர் இல்லை என்பது யோகராஜாவின் நெஞ்சில் எங்கே போய்க் குத்தியது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் இரண்டு தரம் மட்டுமே பார்த்த கிறிஸ்துநாயகத்தை மனதில் நிறுத்தி உரித்து உரித்துப் பார்த்தார். மன்னார்ப் பக்கத்து ஆள். சொந்தமில்லை, பந்தமில்லை. கட்டையான, தலை வழுக்கையான, அதிகம் பேசாத ஒருவர். நத்தார்ப் பண்டிகைக்குத் துஷாந்தன் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போகிற ஆள். பழைய கவுன்சில் ஃபிளாட் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாராம். அதுவும் ஒரு வீடா? அந்த ஆள் தம்பிக்காக எழுந்து நிற்பதையும், நீதிபதி தலையாட்டுவதையும், தம்பி கண்கலங்கி அவர் கையைப் பிடிப்பதையும் திரும்பத் திரும்ப நினைத்தார். அந்தப் படத்தில் தனக்கு இடம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. பொறாமை என்றால் பச்சைப் பொறாமை, அறுபத்திரண்டு வயதில் ஒரு மனுசனுக்கு வரக்கூடாத அளவு.

அந்தப் பொறாமைதான் அவரை அடுத்தநாள் போன் எடுக்கவைத்தது.

"மேனுஷா, நல்லாப் பாருங்கோ. அந்த ஆளின்ர பேரில பழைய வழக்கொண்டு கிடக்கு. கோர்ட்டில தெரிய வந்தால் என்ர தம்பியின்ர பிணைதான் பழுதாப் போகும்."

பொய்யல்ல. கிறிஸ்துநாயகம் வந்த புதிதில், வேலை செய்ய அனுமதி இல்லாத நாளில், வேறொருவரின் பெயரில் ரெஸ்ரோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவி, பிடிபட்டுத் தண்டம் கட்டியவர். இருபது வருசத்துக்கு மேலாகிவிட்ட கதை. துஷாந்தன் எப்போதோ மனம்விட்டுப் பேசும்போது, வேறு யாருக்கும் சொல்லவேண்டாம் என்று அண்ணனிடம் மட்டும் சொன்னது. இதில் பெரிய பகிடி என்னவென்றால், யோகராஜாவே வந்த புதிதில் இன்னொருவர் பெயரில் ஒன்றரை வருசம் பெற்றோல் ஸ்ரேசனில் நின்றவர். பிடிபடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேனுஷா குரலில் கவலை தெரிந்தது. பிணை விசாரணை வியாழக்கிழமை. எதிர்த்தரப்பு அதைத் தோண்டினால் சிக்கல் வரலாம், துஷாந்தனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். யோகராஜா ட்ரை கிளீனிங்கிலிருந்து கோட்டை எடுத்துவந்து அலுமாரிக்கு வெளியே, கண்ணில் படும்படி தொங்கவிட்டார்.

திங்கட்கிழமை செய்தி வந்தது. துஷாந்தன் தன்னைப் பார்க்க வருவோர் பட்டியலில் அண்ணனின் பெயரைச் சேர்த்திருக்கிறான், நாளைக்கே வரட்டுமாம்.

"கூப்பிட்டிட்டான் பாத்தியோ!" என்றார் கனகாம்பிகையிடம். "எங்க சுத்தினாலும் கடைசியில அண்ணனிட்டத்தான் வரவேணும்."

கனகாம்பிகை அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

மறியல் வாசலில் போனையும் பர்ஸையும் ஃபைலையும் ஒரு லொக்கரில் போட்டுப் பூட்டச் சொன்னார்கள். ஃபைல் இல்லாமல் ஒரு பிணை விசயத்துக்கு உள்ளே போவது அவருக்கு அதுவே முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தார். துஷாந்தன் வந்து முன்னால் இருந்தான். மெலிந்திருந்தான். தாடி நரைத்துப்போய்க் கிடந்தது. சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அண்ணை, கிறிஸ்துநாயகத்தின்ர பழைய கதையை மேனுஷாவுக்குச் சொன்னது நீங்களோ?"

"உன்ர நன்மைக்குத்தான்ரா..."

"உங்களுக்கு மட்டும் சொன்ன கதை அது."

யோகராஜா கொஞ்சம் குரலை உயர்த்தினார். "நான் உன்ர கூடப்பிறந்தவன். அவன் உனக்கு ஆர்?"

"ஒருத்தருமில்லை. அவர் வியாழக்கிழமை என்னை எடுத்துப்போட்டு, வெள்ளிக்கிழமை மறந்துபோய் வேலைக்குப் போவார். அதுக்குத்தான் அவரைக் கேட்டனான்."

"எனக்கு விளங்கேல்லை."

துஷாந்தன் காவலாளி நிற்கும் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தொண்ணூற்றொன்பதில நீங்கள் எடுத்த பிணை எனக்கு இன்னும் முடியேல்லை அண்ணை. என்ர கலியாணத்தில மைக்கைப் பிடிச்சுச் சொன்னியள். பிரீத்தான்ர தாய் தேப்பன் முதல்முதலா வீட்டுக்கு வந்த அண்டைக்குச் சொன்னியள். நான் வீடு வாங்கினால், 'நான் எடுக்காட்டி இவனுக்கு வீடோ' எண்டியள். என்ர பிள்ளை அஞ்சு வயசில கேட்டவள், அப்பா நீங்கள் கள்ளனோ, ஏன் பெரியப்பா உங்களை ஜெயிலில இருந்து எடுத்தவர் எண்டு. ஸ்ட்ரெதமுக்கு நான் ஏன் போனனான் எண்டு நினைக்கிறியள்? பிரீத்தா அழுதவள், வேண்டாம், அண்ணை ஆக்களை விட்டுத் தூரம் எண்டு. நான்தான் கேக்கேல்லை."

யோகராஜாவின் கை மேசையில் ஃபைலைத் தேடியது. அது லொக்கரில் கிடந்தது.

"நீங்கள் எடுக்காட்டி என்னைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள். அது எனக்குத் தெரியும். ஒரு நாளும் மறக்கமாட்டன். ஆனால் இன்னொருக்கா உங்கட கையால வெளியில வாறதெண்டால், எனக்கு இஞ்சயே இருக்க ஏலும். மேனுஷாவுக்கும் சொல்லிப்போட்டன். கிறிஸ்துநாயகமில்லாட்டி எனக்குப் பிணை வேண்டாம்."

வெளியே வந்து லொக்கரைத் திறந்து ஃபைலை எடுத்தபோது அது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்ஸைப் போகவிட்டார். கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அதற்குப் பிறகும் கிறிஸ்துநாயகத்தை நினைக்க வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அந்த ஆள் ஒன்றும் செய்யாமலே, ஒன்றும் சொல்லாமலே, தன் தம்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்று எரிந்தது. நாலாவது பஸ்ஸும் வந்தது. அதில் ஏறாமல் மேனுஷாவுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, அந்த ஆளையே நிப்பாட்டுங்கோ. நான் சொன்னதால பழுதானதுக்கு என்ன செய்யலாம்?"

மேனுஷா யோசித்தாள். பழைய விசயத்தை நாங்களே முதலில் நீதிபதிக்குச் சொல்லிவிடலாம் என்றாள். அவர் நம்பத்தகுந்தவர் என்று பெயருள்ள ஒருவர் கடிதம் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றாள். "அங்கிள், பதினொரு தரம் பிணை நிண்ட ஆள் எழுதினால் ஸ்ட்ரோங்கா இருக்கும்."

அப்படியாக, பிணை நிற்கப் போகிறவருக்கு யோகராஜா பிணை நின்றார். கிறிஸ்துநாயகம் நேர்மையானவர், சொன்ன சொல் தவறாதவர், வாய் காப்பவர் என்று எழுதினார். ஒவ்வொரு வரியும் உண்மை என்பதாலேயே ஒவ்வொரு வரியும் அவருக்குக் கசந்தது. கையெழுத்து வைத்த பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எழுதியது யார் என்று தம்பிக்கும் சொல்லக்கூடாது, அந்த ஆளுக்கும் சொல்லக்கூடாது. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு நிபந்தனை போட்டதைக் கனகாம்பிகை நம்பியே இருக்கமாட்டாள்.

வியாழக்கிழமை அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. கடையில் நின்று கத்தரிக்காய் நிறுத்தார். மத்தியானம் பிரீத்தாதான் போனில் சொன்னாள். கிடைத்துவிட்டது, பாஸ்போர்ட்டைப் பொலிஸில் கொடுத்துவிட வேண்டும், வாரம் இரண்டு தரம் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டான்.

வழக்கு அடுத்த வசந்தத்தில் முடிந்தது. காயப்பட்டவர் தேறி வந்தார். துஷாந்தனுக்கு மறியல் இல்லை, சம்பளமில்லாத சமூக வேலையும் நட்ட ஈடும் என்று தீர்ப்பானது. கோடையில் பிரீத்தா மகளின் பிறந்தநாளுக்கு ஹோல் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். யோகராஜாவும் மனைவியும் ரயில் மாறி மாறிப் போனார்கள். சாம்பல் நிறக் கோட்டை அவர் போடவில்லை.

போன உடனேயே கண்டார். துஷாந்தனும் கிறிஸ்துநாயகமும் ஒரு மேசையில் அருகருகே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ கிறிஸ்துநாயகத்திடம் குனிந்து, "நீங்கள்தானே இவரை வெளியில எடுத்தது?" என்று கேட்பது காதில் விழுந்தது. கிறிஸ்துநாயகம் கோழித் துண்டைக் கையில் பிடித்தபடி, "உந்தக் கறிக்குக் கொஞ்சம் உப்புக் கூடிப்போச்சு என்ன?" என்றார். அவ்வளவுதான் பதில். யோகராஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு, பாஸ்போர்ட், பெயர் எல்லாம் தன்னிடம் இருந்தும், அப்படி வாயை வைத்துக்கொண்டு இருக்க மட்டும் தனக்கு வராதே என்று அந்த வழுக்கைத் தலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற, பிரீத்தாவின் சொந்தத்தில் புதிதாக லண்டனுக்கு வந்த லக்‌ஷன் என்பவர் மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணை, உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறன். மொத்தம் எத்தினை பேரைப் பிணையில எடுத்தனீங்கள்?"

மேசையில் துஷாந்தனின் கை பிளேட்டில் அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. பிரீத்தா தண்ணீர்ப் போத்தலோடு வந்தவள் வந்த இடத்திலேயே நின்றாள்.

யோகராஜாவின் நாக்கில் அந்த எண் தயாராக இருந்தது. இருபத்தைந்து வருசமாகச் சொல்லிச் சொல்லி வழுக்கிக்கொண்டு வருகிற எண்.

"பத்து" என்றார்.

"பதினொண்டு எண்டெல்லோ சொன்னவை?"

"இல்லைத் தம்பி. பத்துத்தான்."

துஷாந்தன் தலையை நிமிர்த்தினான். கிறிஸ்துநாயகத்தின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, அவருக்கு மற்றப் பக்கத்தில் கிடந்த கதிரையை வெளியே இழுத்தான்.

"அண்ணை, வாங்கோ. சோறு ஆறுது."

தம்பிக்குப் பக்கத்தில் இல்லை, அந்த ஆளுக்குப் பக்கத்தில். யோகராஜா போய் இருந்தார்.