ஹெட்ட எண்ட

இன்று பதுளையிலிருந்து மடுல்சீமைக்கு வந்த பஸ்ஸில் படம் போட்டிருந்தார்கள். கொலையைத் துப்பறியும் இன்ஸ்பெக்டர் ஒரு மெஷினில் ஏறி, கொலை நடந்ததற்கு முந்தின நாளுக்கே போய்விடுகிறார்.

பஸ்ஸே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நானும் பார்த்தேன். எதுவும் மனதில் ஏறவில்லை.

அண்ணனை லொறி ஒன்று அடித்துக் கொன்றுவிட்டுப் போனதிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன். எந்த லொறி என்று இன்னும் தெரியாது. அதைக் கேட்கத்தான் இன்றும் பொலிஸுக்குப் போனேன்.

பக்கத்து சீட்டில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர். என்னிடம் கேட்டார்:

"நெசமாவே முந்தின நாளுக்குப் போயிட்டாராங்க?"

"ஆமாங்க."

"அப்ப செத்த மனுசன் உசுரோட இருப்பாரா?"

"இருப்பாரு."

படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு, "நீங்க எங்க தம்பி போயிட்டு வாறீங்க?" என்றார்.

அண்ணன் விஷயத்தைச் சொன்னேன்.

"பொலிஸ்ல என்னா சொன்னாங்க?"

"ஹெட்ட எண்ட."

அவர் அர்த்தம் கேட்கவில்லை. சிங்களம் தெரியாத தோட்டத்து லயத்து ஆட்களுக்கும் இந்த இரண்டு சொல் தெரியும். நாளைக்கு வா.

"அப்ப நாளைக்கு மொத பஸ்ஸுலயே போயிருங்க தம்பி" என்றார்.

படத்துப் பொலிஸ் நேற்றைக்குப் போகிறது. நம்ம பொலிஸ் நம்மை நாளைக்கு அனுப்புகிறது. போய்ப் பார்த்தால் அங்கேயும் இன்னொரு 'நாளைக்கு' இருக்கிறது.

படம் முடிவதற்குள் என் இடம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், அந்த மனுசன் பிழைத்தாரா?

அவசரமில்லை. நாளைக்குச் சொன்னாலும் போதும்.