ரெண்டே முக்கால்

பேத்தி மீனா டிவியில் பேஸ்பால் வீடியோ கேம் ஆடுகிறாள். மட்டையில் பந்து படும் சத்தம் அசலாக இருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பார்க்க வந்த கூட்டத்தில் மொத்தம் ஒன்பதே முகங்கள். எண்ணிவிட்டேன். அவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

அதே சத்தம் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் கேட்கும். துணி துவைக்கும் கட்டைதான் எங்களுக்கு மட்டை. மூன்று பந்தைத் தவறவிட்டால் அவுட். மாடிப்படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டே என் அக்கா எண்ணுவாள். நான் ஆடும்போது மட்டும் அவள் எண்ணிக்கை நீளும்.

"ஒண்ணு... ரெண்டு... ரெண்டரை..."

"இன்னாக்கா, போங்காட்டம் ஆடற? மூணு ஆச்சு!" என்று பந்து போடும் சேகர் கத்துவான்.

"இன்னும் ஆகலைடா. ரெண்டே முக்கால்!"

கணக்கு பிசகினால் எனக்கு அப்போதே பொறுக்காது. "இல்லக்கா, மூணுதான்" என்று கட்டையைக் கீழே போட்டுவிடுவேன்.

"அசடு! இன்னொரு பந்து ஆடினா என்னடா?" என்பாள்.

அக்கா போய் ஆறு வருஷமும் நாலு மாசமும் ஆகின்றன.

மீனா கன்ட்ரோலரை என்னிடம் தந்தாள். மூன்று பந்தையும் தவறவிட்டேன். கேம் மிகச் சரியாக எண்ணியது.

"அவுட் தாத்தா. குடுங்க."

"இரு. ரெண்டே முக்கால்தான் ஆச்சு."

"அப்படியெல்லாம் இதுல கிடையாது தாத்தா."

"அதுதாம்மா இதுல குறை" என்றேன். கன்ட்ரோலரைக் கொடுக்கவில்லை.